தறியில் படுத்திருக்கும் யானை

மஞ்சப்பைக்குள் ஒரு பழைய சேலையை வைத்துக்கொண்டு ஓர் ஆம்பிளை தனியாகப் பஸ்ஸில் போனால் உலகம் அவனை எப்படிப் பார்க்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையா? மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறுங்கள். ஐம்பது கிலோமீட்டர் போதும்.

காரியாபட்டி தாண்டியதும் பக்கத்து சீட் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்த முந்தியைப் பார்த்துவிட்டு, "வீட்ல சண்டையா தம்பி?" என்றார்.

"இல்லீங்க, இது எங்க அம்மா சேலை."

"ஓகோ... அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகளா?"

விஷயம் இதுதான். அந்தச் சேலைக்கும் எனக்கும் ஒரே வயசு. 1988-ல் நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, வளைகாப்புக்காகத் தாத்தா அருப்புக்கோட்டையில் எடுத்துக் கொடுத்த காட்டன் சேலை. கத்தரிப்பூக் கலர் உடல், மாம்பழக் கலர் கரை, கரை நெடுக வரிசையாக யானை. உடல் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் யார் என்று சொல்லிவிடலாம். கரை மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வருகிறது. "எனக்கு இதே கரையில ஒண்ணு வேணும்டா" என்று அம்மா ஆரம்பித்தாள். கடை கடையாக ஏறி இறங்கினோம். யானைக் கரைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இந்த யானையெல்லாம் சிரிக்குது. எனக்குச் சிரிக்காத யானை வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

சிரிக்காத யானையை யாரிடம் போய்க் கேட்பது? விசாரித்ததில், அருப்புக்கோட்டையில் சேலைக்கு டிசைன் வரைகிற ஒருவர் இருக்கிறார், அவர் பழைய கரை எதுவானாலும் பார்த்துப் போட்டுத் தருவார் என்று நண்பர் ஒருவர் சொன்னார். கிளம்பிவிட்டேன். நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று ஓரளவு தெரியும். பாவு எது, ஊடை எது என்று அன்றுவரை தெரியாது.

அருப்புக்கோட்டையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். எம்.ஜி.ஆர். 1977-ல் முதன்முதலாக முதலமைச்சர் ஆனபோது ஜெயித்த தொகுதி இதுதான். இன்னொன்று, மல்லிகை அரும்பு விளைந்ததால் 'அரும்புக்கோட்டை' என்று இருந்து அருப்புக்கோட்டை ஆயிற்று என்ற கதை. ஊருக்குள் நடந்தால் மூன்றாவது விஷயம் காதில் விழும். ஒரு சந்தில் விசைத்தறி 'சடக்கு சடக்கு' என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கும். அடுத்த சந்தில் கைத்தறி, யோசித்து யோசித்துப் பேசுகிற பெரியவர் மாதிரி, 'டக்... டக்...' என்று. வீட்டுக்குள் பேசுகிற பாஷையும் தெருவுக்குத் தெரு மாறுகிறது. ஒரு வீட்டில் கன்னடம், ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் நம்ம தமிழ். தறிச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் பொது.

டிசைன் ஸ்டூடியோ என்றதும் நான் ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, காபி மெஷின் என்று ஏதேதோ கற்பனை செய்திருந்தேன். அது ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. ஒரு மேஜை, மேலே கண்ணாடிப் பலகை, அதற்கு அடியில் ஒரு டியூப் லைட். அதுதான் ஸ்டூடியோவில் இருக்கிற ஒரே சொகுசு. சுவரோரம் சுருட்டி வைத்த கிராஃப் தாள்கள், கட்டிலுக்கு அடியிலும் கிராஃப் தாள்கள். மேஜைக்குப் பின்னால் அறுபத்தெட்டு வயதில் ஒரு மெலிந்த மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு.

சேலையை விரித்தேன். கரையைக் கையில் எடுத்தவர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து, ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தார். பத்து நிமிஷம் பேச்சில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால் வயிற்றைக் கலக்குமே, அப்படி இருந்தது எனக்கு.

"தொண்ணூத்தாறு அட்டை" என்றார் கடைசியில். "ஒரு யானைக்கு."

எனக்கு அவர் பாடம் எடுத்தது இப்படித்தான் ஆரம்பித்தது.

அதாவது, தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே நாடாவில் போய் வருவது ஊடை. கரையில் யானை தெரிய வேண்டுமென்றால், எந்தெந்தப் பாவு இழை மேலே வரவேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊடைக்கும் தனித்தனியாகத் தறிக்குச் சொல்ல வேண்டும். சொல்வது யார்? தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டி. அதற்குச் சொல்வது யார்? துளை போட்ட அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாக நூலால் கோத்துத் தொங்க விட்டால், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை திரும்பிக்கொண்டே வரும். கடைசி அட்டை முடிந்ததும் மறுபடி முதல் அட்டை. மறுபடி யானை.

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். ஓர் அங்குலத்துக்கு 60 ஊடை என்றார் பெரியவர். 96 அட்டை என்றால் ஒரு யானைக்கு இடம் 1.6 அங்குலம். சேலை ஐந்தரை மீட்டர், ஏறக்குறைய 216 அங்குலம். ஒரு கரைக்கு 135 யானை. இரண்டு கரைக்கும் 270! முதுமலை முகாமில்கூட இத்தனை கிடையாது. அம்மா இதையெல்லாம் இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணீர் குடம் தூக்கியிருக்கிறாள். நாடா ஓடிய கணக்கைப் பார்த்தால் சுமார் 13,000 தடவை. தலை சுற்றியது.

இந்தப் பெட்டியைப் பிரான்சில் லியோன் நகரத்து ஜோசஃப் மேரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் தறிக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, ஒவ்வொரு ஊடைக்கும் கயிற்றை இழுக்கச் சொல்வார்களாம். பையன் தூங்கிவிட்டால் பூ கோணலாகிவிடும். ஜக்கார்டு பெட்டிக்குத் தூக்கம் வராது. இந்தத் துளை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்குப் போடும் எந்திரத்துக்கும் இப்படிச் செய்யலாமே என்று யோசித்தார். அமெரிக்காவில் ஹாலரித் என்பவர் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே துளை அட்டையை வைத்து முடித்தார். அவருடைய கம்பெனி வழியாக வந்ததுதான் ஐ.பி.எம். துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து என் மச்சினன் செய்கிற வேலையைத்தான் இந்த ஓட்டு வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார். சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

"அய்யா, யானையை அப்படியே தாள்ல வரைஞ்சு கொடுத்தாப் போதும்தானே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் ஒரு கிராஃப் தாளை எடுத்து முன்னால் போட்டார். "இதுல ஒரு வட்டம் போடுங்க பாப்போம். கோடு இல்ல, கட்டத்தை நிரப்பி."

போட்டேன். என் வட்டம் கடித்து வைத்த முறுக்கு மாதிரி இருந்தது.

"நெசவுல வளைவே கிடையாது தம்பி. எல்லாம் படிக்கட்டுதான். மாங்காயா, படிக்கட்டு. மயில் கழுத்தா, அதுவும் படிக்கட்டு. எந்தப் படி எத்தனை கட்டம்னு வைக்கிறதுலதான் சோலியே இருக்கு. தூரத்துல நின்னு பாக்குறவனுக்குப் படி தெரியக் கூடாது. வளைவு தெரியணும்."

நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். புள்ளி எண்ணத் தெரியாமல் கோலம் போட வந்தவனின் கதிதான் எனக்கு.

அதோடு போகவில்லை. கட்டம் சதுரமாக இருக்கிற சாதாரண கிராஃப் தாள் இதற்கு ஆகாதாம். அங்குலத்துக்கு 72 பாவு இழை, 60 ஊடை என்றால் தாளிலும் கட்டங்கள் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவம் இழுத்துக்கொள்ளும். புதிதில் இவரே ஒருதரம் அவசரத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிராஃப் தாளில் யானை வரைந்துவிட்டார். தறியில் நெய்து வந்ததைப் பார்த்தால், நீளம் கூடி, உயரம் குறைந்து, யானை பன்றியாகியிருந்தது. தும்பிக்கை வைத்த பன்றி. முதலாளி சேலையைத் தூக்கி இவர் முன்னால் போட்டு, "இதை எந்தச் சாமிக்குச் சாத்துறது?" என்று கேட்டாராம்.

"இன்னொண்ணு பாத்திருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுத் தறிக்கு அழைத்துப் போனார். குழித்தறி. நெய்கிற அம்மா காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தார். பாதி நெய்த சேலையின் கரையில் யானைகள். எல்லாம் ஒருக்களித்துப் படுத்திருந்தன! கரை நீளவாக்கில் வருவதால், நெய்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் யானை படுத்துத்தான் இருக்கும். ஆயுசு முழுக்க அவர்கள் பார்ப்பது படுத்திருக்கிற யானையை, படுத்திருக்கிற மயிலை, படுத்திருக்கிற கோபுரத்தை. சேலையை ஒருத்தி எடுத்துக் கட்டிக்கொண்டால்தான் எல்லாம் எழுந்து நிற்கும். அந்த அம்மாவிடம், "நீங்க நெஞ்ச சேலையை யாராவது கட்டியிருக்கிறதைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "கல்யாண வீட்ல பாத்திருக்கேன். ஆனா நான் நெஞ்சதா, வேற யாரும் நெஞ்சதான்னு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார்.

முன்னறைக்குத் திரும்பினோம். சுவரில் குண்டூசி குத்தி என்னென்னவோ தொங்கின. சிவகாசித் தீப்பெட்டி லேபிள். கல்யாணப் பத்திரிகையின் ஓரம் மட்டும் கத்தரித்தது. பிஸ்கட் உறை. யாரோ வீட்டு ஜன்னல் கிரில்லைப் பென்சிலில் வரைந்தது. காய்ந்த வேப்பம் ஈர்க்கு ஒன்று. ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் நெளிநெளியாக ஏதோ கோடு. கேட்டால், திருச்சுழி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் சடைப்பின்னலாம். இவருக்கு டிசைன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இந்தச் சுவரைத்தான் காட்டுகிறார். கிரில்லைப் பார்த்து ஒரு கரை போட்டாராம். ஒரு வருஷம் கழித்துப் புது வீட்டுக்கு கிரில் அடிக்கிற பட்டறையில் பார்த்தால், மேஸ்திரி தன் சம்சாரம் கட்டியிருந்த சேலைக் கரையைப் பார்த்து ஒரு கிரில் அடித்து வைத்திருந்தாராம். அந்தச் சேலை இவருடைய டிசைன்தான்!

இந்தத் தொழிலில் ஆபத்தும் உண்டு. கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்கும்போது இவர் மட்டும் பெண்களின் முந்தியையும் கணுக்கால் பக்கக் கரையையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? ஒருதடவை பஸ்ஸில் ஓர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். அதிலிருந்து கல்யாணத்துக்கு மனைவி இல்லாமல் போவதே கிடையாது. "நான் கூட வர்றது கறிச்சோறு திங்க இல்ல. இவுக அடி வாங்காம இருக்க" என்றார் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த அவருடைய சம்சாரம். காபியைக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் கரை வரையுறாக. இவுக வரைஞ்ச கரையில எனக்குன்னு ஒரு சேலை வந்ததில்ல. கேட்டா, பார்ட்டிக்குப் போயிருச்சும்பாக."

பெரியவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலர்களின் பெயரைக் கேட்க வேண்டும் நீங்கள். கம்ப்யூட்டரில் கலருக்கு நம்பர்தான். இங்கே வெங்காயத்தோல், வாடாமல்லி, கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்து, எம்.எஸ். நீலம், பாக்கு, அரக்கு, மிளகாய்ப்பழம். டிசைனுக்கும் அப்படித்தான். ருத்ராட்சம், வங்கி, நெளி, மல்லிமொக்கு, மயில்கண், தாழம்பூ, புளியங்கொட்டை. பாதி சமையல்கட்டிலிருந்தும் மீதி கோயிலிலிருந்தும் வந்தவை. பெயரைச் சொன்னாலே கலர் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. நம்பரைச் சொன்னால் எனக்குப் பான் கார்டுதான் ஞாபகம் வருகிறது.

இளவயதில் மெட்ராஸ் நெசவாளர் சேவை மையத்துக்கு இவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். மத்திய அரசு 1950-களில் தொடங்கிய மையங்கள் அவை. நெசவாளிக்கும் ஓவியனுக்கும் ஒரே மேஜையில் வேலை என்பது அங்கேதான். நாம் கண்காட்சியில் கைகட்டி நின்று பார்க்கிற ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம், மதுரைக்காரர் டிராட்ஸ்கி மருது எல்லோரும் இந்த மையங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு சேலைக்கும் போர்வைக்கும் டிசைன் யோசித்தவர்கள்தான். ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது பக்கத்தை நிறைத்த அந்தக் கோட்டோவியங்கள் ஞாபகம் இருக்கிறதா? அது ஆதிமூலத்தின் கை. 1938-ல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்து 2008-ல் மறைந்தவர். கரிசல்காட்டு முகங்களை அவ்வளவு நன்றாகப் போட்ட கைக்கு இழைக்கணக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

"கரிசல்னு சொன்னீங்களே, வாங்க காட்டுறேன்" என்று பெரியவர் எழுந்துவிட்டார். டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அவர் ஓட்ட, நான் பின்னால் மஞ்சப்பையோடு. திருச்சுழி அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான்.

போகிற வழியில் என்னத்தைச் சொல்ல? இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே கரிமூட்டம் போட்டுப் புகைந்துகொண்டிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. பருத்தியும் குதிரைவாலியும் விளைகிற கரிசல் நிலம், மழைக்காலம் வருகிறவரை பொறுமையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. வெயில் ஹெல்மெட்டுக்குள் புகுந்து என் தலையை வேகவைத்தது. இந்தக் காட்டில் கலர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வண்டியை மெதுவாக்கி, கருவேல மரத்துக்கு அடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கையால் காட்டினார். ரத்தச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சேலை. அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே தெரிந்தது. "பச்சைப்பசேல்னு இருக்கிற ஊர்ல வெளிர் கலர் கேப்பாக. நம்ம பக்கம் அடிக்கிற கலர்தான் ஓடும். மண்ணுல இல்லாததைத்தான மனுசன் உடம்புல போடுவான்?"

திருச்சுழிக் கோயில் பாடல் பெற்ற தலம். சுந்தரர் பாடியது. சாமி திருமேனிநாதர், அம்மன் துணைமாலை நாயகி. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திச் சுழித்துப் பூமிக்குள் இறக்கியதால் திருச்சுழி என்று தலபுராணம் சொல்கிறது. பக்கத்தில் குண்டாற்றைப் பார்த்தேன். வெள்ளம் அன்றைக்கு இறங்கியது, இன்னும் ஏறவில்லை போலிருக்கிறது. மணலில் இரண்டு ஆடு நின்றது.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ம் தேதி பிறந்த வீடு. சுந்தர மந்திரம் என்று பெயர். அப்பா சுந்தரமய்யர் இந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்தவர். அப்பாவின் பழைய கோர்ட் கட்டுகளைப் பிரித்துச் சின்ன வயதில் ரமணர் காகிதக் கப்பல் செய்து விட்டுவிட்டார், அப்பா திட்டியதும் காணாமல் போய்க் கோயிலில் அம்மன் சன்னதியில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. பெரியவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "எம் பேரனும் கிராஃப் தாளைக் கிழிச்சுக் கப்பல் விட்டான். நான் திட்டல. பழைய பேப்பர்காரனுக்குப் போறதுக்குக் கப்பலாப் போறது தேவல" என்றார்.

வருகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் வற்றி, தரை ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. இறங்கிப்போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒழுங்கே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெரிய வெடிப்பு, அதிலிருந்து கிளைத்த சின்ன வெடிப்பு, அதற்குள்ளே மயிரிழை மாதிரி இன்னொன்று.

"இதைப் பாத்து ஒரு முந்தி போட்டேன் தம்பி. இருபது நாள் வேலை. கறுப்புல காவி."

"ஓடுச்சா?"

"எங்க? சேலையைக் கொண்டுபோய் நம்ம பொம்பளைகிட்டக் காட்டினா, 'கண்மாய்லதான் தண்ணி இல்ல, சேலையிலயுமா?'ன்னு கேக்குறா. எட்டுச் சேலையும் அப்பிடியே நின்னுபோச்சு."

கதை அதோடு முடியவில்லை. சில வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். சுவரில் தொங்கிய அந்தக் கிராஃபைப் பார்த்து, "ஆகா, என்ன டிசைன்!" என்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார். அதே வெடிப்பு, அதே கறுப்பு, அதே காவி, வேறு ஏதோ ஊர் விசைத்தறியில் நெய்யப்பட்டு, இங்கிலீஷில் ஒரு பெயரும் வைக்கப்பட்டு, கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. உறவுக்காரப் பெண் ஒருத்தி விலைச்சீட்டோடு போட்டோ அனுப்பினாள். விலையைப் பார்த்து இவருக்கு முதலில் கோபம் வரவில்லையாம். "தறிக்காரனுக்கு எம்புட்டுக் கொடுத்திருப்பான்னுதான் தோணுச்சு."

என் படிப்பு இந்த இடத்தில்தான் உதவ வேண்டும். பஞ்சு, நூல், சாயம், கஞ்சி, கூலி, லாரி வாடகை, எல்லாவற்றுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. டிசைனுக்கு? ஒருதரம் கிராஃபுக்குக் காசு, அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த யானை ஆயிரம் சேலையில் நடந்தாலும் பத்தாயிரம் சேலையில் நடந்தாலும் வரைந்தவருக்கு ஒரு பைசா வராது. ஒரு கரைக்கு எட்டு நாள் வேலை என்று வைத்து வகுத்துப் பார்த்தால், கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறவரின் சம்பளம்கூட இவருக்குத் தேறவில்லை. இத்தனைக்கும் அந்த ஜக்கார்டு இருக்கிறாரே, அவருக்குப் பிரெஞ்சு அரசாங்கம் பென்ஷனும் கொடுத்து, ஓடுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ராயல்டியும் கொடுத்தது!

சட்டம் இல்லாமலில்லை. 2000-ம் வருஷத்து டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் 10 வருஷப் பாதுகாப்பு, இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ல் ஒரு சட்டம் வந்தது. 22 வகை என்று ஆரம்பித்து இப்போது 11-ல் நிற்கிறது. இதே ஜில்லாவில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே கிடைத்துவிட்டது. நான் இதையெல்லாம் அழகாக எடுத்துச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அம்மாவின் சேலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"இந்த யானை யாரோடதுன்னு நினைக்கிறீங்க? என்னோடது இல்ல. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இதே மாதிரி ஒண்ணு போடுவார். அவர் எங்கியோ பழைய சேலையைப் பாத்துப் போட்டிருப்பார். அந்தச் சேலைக்காரன் கோயில் தூணைப் பாத்துப் போட்டிருப்பான். நான் யார் பேர்ல பதியச் சொல்றீங்க? பாத்துப் போடுறது எங்களுக்குத் தப்பில்ல தம்பி. ஆனா நாங்க பாத்துப் போட்டா, பக்கத்துத் தெருவுல நாலு தறி ஓடும். அவன் பாத்துப் போட்டா இங்க நாலு தறி நிக்குது. அதுதான் வித்தியாசம்."

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பேரேட்டில் இதற்கும் பக்கம் கிடையாது.

இப்போது கிராஃப் வேலை எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கட்டத்தை நிரப்புவது, அட்டைக்கு மாற்றுவது எல்லாம் ஒரு தட்டில் முடிந்துவிடும். மருமகளே அதைப் படித்துவிட்டு உள் அறையில் செய்கிறார். மாமனாருக்கு அதில் வருத்தமில்லை. "அவ மிஷின்ல யானையைப் பெருசாக்கினா பன்னியாகுறதில்ல" என்று சர்ட்டிஃபிகேட் வேறு கொடுக்கிறார். வருத்தமெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கிற தாள்களைப் பற்றித்தான். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற மருமகளுக்கு நேரமில்லை. பழைய பேப்பர்காரர் இரண்டு தடவை எடை மெஷினோடு வந்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் தடவை வரும்போது என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

கடைசியில் என் காரியத்துக்கு வந்தோம்.

"போட்டுடலாம். சிரிக்காத யானைதான? வாயோரம் ரெண்டு கட்டத்தை எடுத்துட்டாப் போச்சு. இந்தக் காலத்துக்காரங்க அங்க ஒரு படி கூட வைக்கிறாங்க, அதான் சிரிக்குது. ஆனா ஒரு விஷயம். ஒத்தைச் சேலைக்காக அட்டை குத்தி, தறியில ஏத்தி, பாவு போட முடியாது. எங்க பாவு எட்டுச் சேலை. எட்டும் எடுத்துக்கிட்டா கட்டுப்படியாகும்."

எட்டா! அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு.

"எட்டா? அதுக்கென்ன" என்றாள் அம்மா, நாலு கிலோ வெங்காயம் வாங்குகிற குரலில். "எனக்கு ஒண்ணு. உன் தங்கச்சிக்கு ஒண்ணு. சித்திக்கு ஒண்ணு. பெரியத்தை விடமாட்டா, அவளுக்கு ஒண்ணு. சின்னத்தைக்குக் கொடுக்காட்டி காதுகுத்துக்கே வரமாட்டா. மேலத்தெரு சம்பந்தியம்மா. உன் பொண்டாட்டி. அப்புறம் உங்க மாமா மக சிங்கப்பூர்லருந்து வர்றா..."

"எல்லாரும் ஒரே சேலையில வந்தா பேண்டு வாத்தியக் குழுன்னு நினைப்பாங்கம்மா."

"பாவு ஒண்ணா இருந்தா என்ன, ஊடைக் கலரை மாத்தச் சொல்லு" என்றாள். இந்த விஷயமெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பெரியவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, 'சரியாத்தான் சொல்றாக' என்று தலையாட்டினார்.

எட்டும் பங்கு போட்டாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டேன். அப்போது அம்மா, "டேய், அங்க யானை போடுறவர் வீட்டம்மா இருக்காங்களா? அவங்களுக்கும் ஒண்ணு நம்ம கணக்குல எடுத்துக் கொடுத்துடு" என்றாள்.

"அது ஒம்பதாகுதும்மா" என்றார் பெரியவர் போனைப் பார்த்து. "பாவு எட்டுக்குத்தான் வரும்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"அப்ப அந்தச் சிங்கப்பூர்க்காரிக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க."